பிள்ளைப்பேறும் கடிகாரமும்

ஒரு வீட்டில் பிள்ளைப்பேறு என்றால் ஆண்கள் வாசலில் நிற்பார்கள். பெண்கள் உள்ளும் புறமுமாக நடப்பார்கள். அப்போது எல்லார் வாயிலும் வரும் கேள்வி ஒன்றுதான்: "வலி எடுத்து எவ்வளவு நேரம் ஆச்சு?" வீட்டுப் பெரியவரான பாட்டி, "தலைப்பிள்ளை அப்படித்தான் இழுத்துக்கிட்டுப் போகும், பொறுங்க" என்பார். பாட்டி சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் எவ்வளவு நேரம் பொறுக்கலாம், எந்த இடத்தில் பொறுமையே ஆபத்தாக மாறுகிறது என்ற கணக்கை மருத்துவ உலகம் கண்டறிய நெடுங்காலம் ஆயிற்று. அந்தக் கணக்கின் வரலாற்றைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம். அதில் ஓர் அரசகுமாரி வருகிறார். ஒரு தோட்டத்து அடிமைப் பெண் வருகிறார். கடைசியில் நம் மலேசியாவும் வருகிறது.

முதலில் மாதக் கணக்கு. நம் தாய்மார்கள் "பத்து மாதம் சுமந்து பெற்றேன்" என்பார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், "ஒன்பது மாதம்தானே அம்மா!" என்று திருத்துவதுண்டு. திருத்த வேண்டியதில்லை. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால் கர்ப்பகாலம் 40 வாரம், அதாவது 280 நாள். 28 நாளை ஒரு மாதமாகக் கொண்டால் சரியாகப் பத்து மாதம் வந்துவிடுகிறது. நேகலே என்ற ஜெர்மானியப் பேராசிரியரின் பெயரால் வழங்கும் ஓர் எளிய விதியும் உண்டு. மாதவிலக்கான முதல் நாளோடு ஏழு நாள் கூட்டி, மூன்று மாதம் பின்னால் போக வேண்டும். ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17. கிளினிக்கில் மிசி விரல்விட்டு எண்ணித் தேதி சொல்வது இந்த விதிப்படிதான். ஆனால் குறித்த அந்த நாளிலேயே பிறக்கும் பிள்ளைகள் சிலரே. 37 வாரத்திலிருந்து 42 வாரத்திற்குள் பெரும்பாலான குழந்தைகள் பிறந்துவிடுகின்றன.

இந்தப் பத்து மாதத்தையும் மூன்று பருவமாகப் பிரிப்பது வழக்கம். முதற் பருவம் மசக்கைக் காலம். வெளியே வயிறு தெரியாத இந்தப் பன்னிரண்டு வாரத்திற்குள்தான் இதயம், மூளை, கை, கால் எல்லாம் உருவாகின்றன. கண்ட மருந்தையும் வாங்கிச் சாப்பிடக் கூடாது என்று சொல்வது இதனால்தான். நடுப்பருவத்தில் பிள்ளை அசைவது தாய்க்குத் தெரியும். தலைப்பிள்ளையானால் 18 முதல் 20 வாரத்தில் உணரலாம். அடுத்த பிள்ளைகளுக்கு இன்னும் சற்று முன்னதாகவே தெரியும். கடைசிப் பருவத்தில் பிள்ளை எடை போடும். பெரும்பாலும் தலை கீழாகத் திரும்பி, இடுப்பெலும்பின் வளையத்துக்குள் இறங்கும். "வயிறு இறங்கிவிட்டது" என்று பெண்கள் பேசிக்கொள்வது இதைத்தான்.

பிறகு வலி. வலியிலும் மூன்று கட்டங்கள் உண்டு. கருப்பையின் வாய் முதலில் மூடியிருக்கும். அது மெல்ல மெலிந்து, பத்து சென்டிமீட்டர் அகலம் திறக்கும் வரை முதற் கட்டம். தாய் முக்கிப் பிள்ளை வெளிவருவது இரண்டாம் கட்டம். நஞ்சுக்கொடி விழுவது மூன்றாம் கட்டம். முதற் கட்டத்தின் தொடக்கம் மிகவும் மெதுவானது. வலி வரும், போகும்; வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறந்திராது. இந்த மந்தமான நேரத்தைத்தான் பல வீடுகளில் "பொய் வலி" என்று சொல்லிவிடுகிறார்கள். வலியெல்லாம் அடங்கிப் போனால் பொய் வலி எனலாம். விட்டு விட்டு வந்து, நேரம் ஆக ஆகக் கூடினால் அது மெய்யான வலியின் முதற்படி.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

1817ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் மாலை ஏழு மணி. இங்கிலாந்தில் சரே மாவட்டத்து கிளேர்மாண்ட் மாளிகையில் இளவரசி சார்லட்டுக்குப் பனிக்குடம் உடைந்து வலி தொடங்கியது. வயது 21. மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேத்தி. அவருடைய தந்தைக்குப் பின் அரியணை ஏற வேண்டியவர் அவரே. குறித்த நாளுக்கு மேல் ஏறத்தாழ இரண்டு வாரம் கடந்துவிட்டிருந்தது. கர்ப்ப காலத்திலேயே, பிள்ளை பெரிதாகிவிடும் என்று உணவைக் குறைத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். அக்காலத்தில் அது நல்ல வைத்தியம் என்று கருதப்பட்டது! ஆகவே வலி தொடங்கும்போதே உடல் தளர்ந்திருந்தது.

பொறுப்பேற்றிருந்தவர் சர் ரிச்சர்ட் கிராஃப்ட் என்ற பேர்பெற்ற பேறுகால மருத்துவர். முதற் கட்டம் மட்டும் 26 மணி நேரம் நீடித்தது. வாய் முழுதும் திறந்த பின்னும் பிள்ளை வரவில்லை. இன்னொரு மருத்துவரை வரவழைத்தார்கள். ஆனால் அவரைப் பக்கத்து அறையிலேயே வைத்திருந்தார்கள்; இளவரசியின் முன்னால் அழைத்து வரவில்லை. ஆயுதம் போட்டுப் பிள்ளையை எடுக்கும் குறடு அங்கே இருந்தது. ஆனால் அதைத் தொடவில்லை. இயற்கை தன் வேலையைச் செய்யட்டும், தலை கீழே வந்து தங்கி ஆறு மணி நேரம் ஆகும் வரை குறடு வேண்டாம் என்பது கிராஃப்ட்டின் மாமனாரும் ஆசிரியருமான டென்மன் வகுத்த நெறி. இரண்டாம் கட்டமும் 24 மணி நேரம் நீண்டது. மொத்தம் ஐம்பது மணி நேரம். நவம்பர் 5ஆம் நாள் இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது பவுண்டு எடையுள்ள ஆண் குழந்தை பிறந்தது, உயிரில்லாமல். நஞ்சுக்கொடி தானாக விழாததால் கையால் எடுத்தார்கள். மறுநாள் அதிகாலை இரண்டரை மணிக்குத் தாயும் இறந்தார். உதிரப்போக்கே காரணம் என்பது பின்னாளில் ஆராய்ந்தவர்களில் பலருடைய கருத்து.

நாடே துக்கம் கொண்டாடியது. மூன்று மாதம் கழித்து, 1818 பிப்ரவரியில், வேறொரு வீட்டில் இதேபோல் நீண்டுகொண்டே போன பேறு ஒன்றைக் கவனித்துக் கொண்டிருந்தபோது கிராஃப்ட் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். வாரிசு இல்லாமற் போனதால் மன்னரின் மற்ற மைந்தர்கள் அவசர அவசரமாகத் திருமணம் செய்துகொண்டார்கள். அப்படி 1819இல் பிறந்த பெண்தான் விக்டோரியா. கோலாலம்பூரில் 1893இல் தொடங்கிய விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளிக்குப் பெயர் வந்தது அவரால்தான். ஒரு பேறு நீண்டதால் ஒரு பேரரசின் வாரிசு வரிசையே மாறிவிட்டது.

நாம் இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. அரண்மனையில் மருத்துவருக்குப் பஞ்சமில்லை, பணத்திற்குப் பஞ்சமில்லை. அங்கே இல்லாதது என்னவென்றால், 'இவ்வளவு நேரத்தில் இவ்வளவு முன்னேற்றம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏதோ கோளாறு' என்று சொல்லும் ஓர் அளவுகோல். ஐம்பது மணி நேரமும் நல்லெண்ணத்தோடுதான் காத்திருந்தார்கள்.

சரி, பேறு ஏன் நீள்கிறது? மூன்று இடத்தில் காரணத்தைத் தேட வேண்டும்: தள்ளும் சக்தி, போகும் வழி, வரும் பிள்ளை.

தள்ளும் சக்தி கருப்பையின் தசை. அது சீராகவும் பலமாகவும் இறுகினால்தான் வாய் திறக்கும். தலைப்பேற்றில் தசைக்கு இது புது வேலை. ஆகவே மெதுவாக நடக்கும். சோகை, பட்டினி, தண்ணீர் குடிக்காமை, தூக்கமின்மை, அச்சம் எல்லாம் தாயைத் தளர வைக்கும். மூத்திரப்பை நிரம்பியிருந்தாலும் தலை இறங்கத் தடை உண்டு. இதற்காகத்தான் அடிக்கடி சிறுநீர் கழிக்கச் சொல்கிறார்கள், நடமாடச் சொல்கிறார்கள்.

வழி என்பது இடுப்பெலும்பு. ஐரோப்பாவின் தொழில் நகரங்களில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் வெயிலே படாமல், நல்ல உணவுமின்றி வளர்ந்த ஏழைப் பெண்களுக்கு எலும்புருக்கம் வந்து இடுப்பெலும்பு சிறுவயதிலேயே கோணிப்போயிற்று. அவர்களுக்குப் பேறு நாள்கணக்கில் நீண்டது. எலும்பு முழு வளர்ச்சி பெறாத இளம் பெண்ணுக்கும், குழந்தைப் பருவத்தில் ஊட்டம் இல்லாமல் குட்டையாக வளர்ந்த பெண்ணுக்கும் இந்த ஆபத்து உண்டு. கிளினிக்கில் கர்ப்பிணியைச் சுவரோரம் நிறுத்தி உயரம் அளப்பது வீண் சடங்கன்று.

பிள்ளையின் பங்கும் பெரிது. தலை கீழே வந்தால் மட்டும் போதாது. முகம் தாயின் முதுகுப்பக்கம் நோக்கியிருந்தால் தலையின் மிகக் குறுகிய பகுதி முன்னால் வரும். முகம் தாயின் வயிற்றுப்பக்கம் நோக்கிவிட்டால் அதே தலை அதே வழியில் சிரமப்படும்; முதுகில் கடும் வலி எடுக்கும். இன்னும், தாய்க்கு இனிப்பு நீர் இருந்தால் பிள்ளை அளவுக்கு மீறிப் பெருக்கலாம். குறுக்கே கிடக்கும் பிள்ளை எவ்வளவு காத்திருந்தாலும் தானாகப் பிறக்காது.

இம்மூன்றில் எதுவும் அந்தப் பெண்ணின் குற்றமன்று. "இவளுக்கு முக்கத் தெரியவில்லை", "சோம்பேறி, கர்ப்பத்தில் வேலை செய்யாமல் படுத்தே கிடந்தாள்" என்று பேசும் வீடுகள் இருக்கின்றன. அந்தப் பேச்சு வலியைக் குறைக்காது, மேலும் தளர்த்தும்.

தடைப்பட்ட பிள்ளையை எடுக்க முற்காலத்தில் என்ன செய்தார்கள்? தாயைக் காக்கப் பிள்ளையைச் சிதைத்து எடுப்பதே மருத்துவர்களுக்குத் தெரிந்த கடைசி வழியாக இருந்தது. இந்நிலையில், பிரான்சிலிருந்து 1569இல் இங்கிலாந்துக்குத் தப்பி வந்த சேம்பர்லின் என்ற குடும்பத்தில், தலையை இருபுறமும் அணைத்துப் பிடித்து உயிரோடு இழுத்தெடுக்கும் குறடு உருவாயிற்று. உலகுக்கு எவ்வளவு பெரிய நன்மை! ஆனால் அக்குடும்பத்தார் அதைத் தொழில் இரகசியமாக நூறு ஆண்டுகளுக்கு மேல் மூடி வைத்துப் பணம் சேர்த்தார்கள். 1670இல் அக்குடும்பத்து ஹியூ சேம்பர்லின் பாரிசுக்குச் சென்று இரகசியத்தை விலைபேசினார். அங்கிருந்த மருத்துவர் மோரிசோ, எலும்புருக்கத்தால் இடுப்புக் கோணிய ஒரு பெண்ணைக் காட்டி, இவளுக்குப் பார் என்றார். மூன்று மணி நேரம் முயன்றும் முடியவில்லை, அப்பெண் இறந்துபோனாள். விலைபேச்சும் நின்றது. குறடு வழியை அகலப்படுத்தாது என்பது அன்றே தெரிந்த பாடம். அந்தக் குடும்பத்தின் பழைய குறடுகள் எசெக்ஸ் மாவட்டத்தில் அவர்கள் வாழ்ந்த வீட்டுத் தளத்தின் அடியிலிருந்து 1813இல் கண்டெடுக்கப்பட்டன. சார்லட் இறப்பதற்கு நான்கு ஆண்டு முன்பு!

மருந்தாலும் முயன்றார்கள். ரை என்னும் தானியக் கதிரில் பிடிக்கும் ஒருவகைப் பூஞ்சைக்குக் கருப்பையை இறுக்கும் குணம் உண்டு. அமெரிக்க மருத்துவர் ஸ்டேர்ன்ஸ் 1808இல் இதை, பேற்றை விரைவாக்கும் பொடி என்று எழுதினார். அளவு தெரியாமல் கொடுத்ததில் கருப்பை விடாமல் இறுகிப் பிள்ளைகள் மூச்சடைத்து இறந்தன. கருப்பை கிழிந்து தாய்மாரும் இறந்தார்கள். 1820களிலேயே நியூயார்க்கின் டேவிட் ஹோசக், பிள்ளை பிறந்த பின் உதிரம் நிறுத்த மட்டும் இதைப் பயன்படுத்துங்கள் என்று எச்சரித்தார். வலியை அவசரப்படுத்துவதாகச் சொல்லி யாரோ கொடுக்கும் பொடியையும் கஷாயத்தையும் பேறுகாலத்தில் குடிக்கலாகாது என்று நாம் வற்புறுத்துவதற்கு இந்த இருநூறாண்டு அனுபவமே சாட்சி. இன்று மருத்துவமனையில் டிரிப்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றும் ஆக்சிடோசின், உடலே சுரக்கும் பொருளின் செயற்கை வடிவம். அதைச் செய்யும் முறையை 1953இல் கண்ட வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அதையும் வலியையும் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பையும் கவனித்துக்கொண்டே கொடுக்க வேண்டும்.

அரசகுமாரியின் கதை உலகத்துக்குத் தெரியும். இன்னொரு பெண்ணின் கதை பல காலம் யாருக்கும் தெரியாமல் இருந்தது. தோட்டத்தில் வாழ்ந்த நாம் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மான்ட்கோமரி நகருக்கு அருகே ஒரு தோட்டம். அங்கே அனார்க்கா என்ற கறுப்பின அடிமைப் பெண் இருந்தாள். வயது ஏறத்தாழ 17. 1845இல் அவளுக்குப் பேற்றுவலி தொடங்கி மூன்று நாள் நீடித்தது. அதன் பிறகே மருத்துவர் மேரியன் சிம்சை அழைத்தார்கள். அவர் குறடு போட்டுப் பிள்ளையை எடுத்தார். அனார்க்கா பிழைத்தாள். ஆனால் சில நாளில் அவளிடமிருந்து சிறுநீரும் மலமும் அடக்கமின்றிக் கசிய ஆரம்பித்தன. பிள்ளையின் தலை நாள்கணக்கில் எலும்போடு அழுத்தியதால் நடுவிலிருந்த சதைக்கு இரத்தம் எட்டாமல் அது அழுகி, ஓட்டை விழுந்துவிட்டது. நீண்ட பேறு கொல்லாமல் விட்டால் செய்யும் கேடு இது. வாழ்நாள் முழுதும் நாற்றமும் புண்ணும் புறக்கணிப்பும்!

சிம்ஸ் அந்த ஓட்டையைத் தைக்கும் முறையைக் கண்டுபிடிக்க முனைந்தார். அனார்க்கா, பெட்சி, லூசி ஆகிய பெண்கள் மீது நான்கு ஆண்டு சோதனை நடத்தினார். அவர்களிடம் சம்மதம் கேட்கும் நிலையே இல்லை, அடிமைகளல்லவா? மயக்க மருந்து 1846இல் பாஸ்டன் நகரில் எல்லார் முன்னிலையிலும் காட்டப்பட்ட பிறகும் அவர்களுக்கு அது கொடுக்கப்படவில்லை. அனார்க்காவுக்கு மட்டும் ஏறத்தாழ முப்பது முறை கத்தி வைத்த பிறகு 1849இல் வெள்ளிக் கம்பித் தையல் பலித்தது. சிம்சுக்கு நியூயார்க் மத்தியப் பூங்காவில் சிலை வைத்தார்கள். 2018 ஏப்ரலில் அச்சிலையை அங்கிருந்து அகற்றினார்கள். அவர் கண்ட தையல் பல்லாயிரம் பெண்களைக் காப்பாற்றியது உண்மை. அதன் விலையைக் கொடுத்தது யார் என்பதும் உண்மை. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் இந்நோய்க்கென்றே ஹேம்லின் தம்பதியர் 1974இல் ஒரு மருத்துவமனை திறந்தார்கள். அறுவைச் சிகிச்சை உரிய நேரத்தில் எட்டும் நாடுகளில் இக்கேடு ஏறக்குறைய மறைந்துவிட்டது.

சார்லட்டுக்கு மருத்துவர் பக்கத்திலேயே இருந்தும் முடிவு எடுக்கப்படவில்லை. அனார்க்காவுக்கு மருத்துவர் வரவே மூன்று நாள். இரண்டிற்கும் ஒரே மருந்து தேவைப்பட்டது: நேரத்தை எழுதி வைத்துப் பார்க்கும் பழக்கம். அது 20ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் வந்தது.

1954இல் நியூயார்க்கில் இமானுவேல் ஃபிரீட்மன் என்ற இளம் மருத்துவர், தலைப்பேற்றுப் பெண்கள் நூறு பேருக்குக் கருப்பை வாய் எத்தனை மணிக்கு எவ்வளவு திறந்தது என்பதைக் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தார். கோடு முதலில் நெடுநேரம் தட்டையாகச் சென்றது. பிறகு செங்குத்தாக ஏறியது. மெதுவான பருவமும் வேகமான பருவமும் கண்ணுக்குத் தெரிந்தன. அதுவரை 'இழுத்துக்கொண்டு போகிறது' என்று வாயால் சொன்னதைத் தாள் அளந்து காட்டியது.

அடுத்த படி ஆப்பிரிக்காவில். ரொடீஷியா என்று அப்போது வழங்கிய இன்றைய ஜிம்பாப்வேயில் ஹியூ ஃபில்பாட் என்ற மருத்துவர் பணியாற்றினார். பெரிய ஆஸ்பத்திரி நகரத்தில். பிள்ளை பெறும் பெண்களோ தொலைவில் உள்ள சிறு நிலையங்களில், மருத்துவர் இல்லாத மருத்துவச்சிகளின் பராமரிப்பில். ஒரு பெண்ணை எப்போது நகரத்துக்கு அனுப்புவது? சீக்கிரம் அனுப்பினால் வண்டியும் படுக்கையும் வீண். தாமதித்தால் உயிர் போகும். 1972இல் ஃபில்பாட்டும் காசிலும் ஃபிரீட்மனின் தாளில் இரண்டு சாய்கோடுகளைச் சேர்த்தார்கள். முதற்கோடு எச்சரிக்கைக் கோடு: மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்க வேண்டும். புள்ளி இந்தக் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போனால் வண்டி ஏற்பாடு செய். இரண்டாவது செயற்கோடு, நான்கு மணி நேரம் தள்ளி. அங்கே தொட்டுவிட்டால் மருத்துவர் ஏதாவது செய்தே ஆக வேண்டும். ஏன் நான்கு மணி நேரம்? தொலைவிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்க்க ஆகும் நேரம் அது. பயண தூரத்தையே மருத்துவக் கணக்கில் சேர்த்தார் ஃபில்பாட். இதைவிடப் புத்திசாலித்தனமான கோடு ஒன்றை நாம் கண்டதில்லை.

தூரம் என்றால் என்ன என்று நம்மவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மலாயாத் தோட்டங்களில் பல தலைமுறைப் பிள்ளைகள் லயத்து அறையில், அனுபவம் மிக்க மூதாட்டிகளின் கையில் பிறந்தவர்கள். பெரும்பாலான பேறுகள் எந்தத் தொல்லையுமின்றி முடிந்தன. அந்த மூதாட்டிகளின் கைப்பக்குவத்தை நாம் குறைத்துப் பேச மாட்டோம். தொல்லை வந்தபோதுதான் செம்மண் சாலையும் மழையும் லாரியும் ஆறும் குறுக்கே நின்றன. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர் இருப்பார். கத்தி வைக்கும் வசதி இராது. அரசின் கிராமச் சுகாதார நிலையங்கள் 1950களிலிருந்து நாடெங்கும் பெருகிய போதும், தோட்டம் தனியார் நிலம் என்பதால் அங்குள்ளவர்களின் நலம் நெடுங்காலம் நிர்வாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டது. 1950ஆம் ஆண்டளவில் இந்நாட்டில் ஒரு லட்சம் பிறப்புக்கு 500க்கும் மேற்பட்ட தாய்மார்கள் இறந்தார்கள். 2000ஆம் ஆண்டளவில் அது சுமார் 30ஆகக் குறைந்தது. பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள், சாலை, இரத்த வங்கி, அறுவைச் சிகிச்சை ஆகிய எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது. இறக்கும் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் பெயர் மறைத்து ஆராய்ந்து எங்கே தவறிற்று என்று கேட்கும் முறையும் 1991இல் இங்கே வந்தது. கர்ப்பிணியின் பதிவேட்டில் ஆபத்தின் அளவைக் குறிக்க வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒட்டும் வண்ண அடையாளமும் மலேசியாவின் ஏற்பாடுதான்.

இனி, நம் நாடு உலகுக்குச் செய்த உதவி. ஃபில்பாட்டின் தாளைச் சற்றுத் திருத்தி எல்லா நாட்டுக்கும் கொடுக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் எண்ணியது. பயன் உண்டா என்று சோதிக்க வேண்டுமல்லவா? சோதனை நடந்தது இந்தோனேசியா, தாய்லாந்து, மலேசியா ஆகிய மூன்று நாட்டு மருத்துவமனைகள் எட்டில். 1990 ஜனவரி முதல் 1991 மார்ச் வரை 35,484 பெண்களின் பேறுகள் பதிவாயின. முடிவு 1994இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. 18 மணி நேரத்துக்கு மேல் நீண்ட பேறு நூற்றுக்கு 6.4லிருந்து 3.4ஆகக் குறைந்தது. டிரிப் ஏற்றி வலியைத் தூண்ட வேண்டியிருந்தவர்கள் நூற்றுக்கு 20.7 பேரிலிருந்து 9.1ஆகக் குறைந்தார்கள். அவசர அறுவைச் சிகிச்சையும் 9.9லிருந்து 8.3 ஆயிற்று. வலியின்போதே வயிற்றில் இறந்த பிள்ளைகள் 0.5லிருந்து 0.3. சதவீதம் சிறிதாகத் தோன்றலாம். ஆயிரம் பேற்றுக்கு இரண்டு பிள்ளைகள் கூடுதலாக உயிரோடு பிறந்தன என்று கூட்டிப் பாருங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பிய அப்பெண்களில் எத்தனை பேர், தம் வலியின் கணக்கு உலகப் பாடமாயிற்று என்று அறிந்திருப்பார்கள்?

பின்னாளில் வேறு நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் இவ்வளவு தெளிவான பயனைக் காணவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வியப்பில்லை. தாள் தானாகப் பிள்ளையை எடுக்காது. புள்ளி கோட்டைத் தாண்டும்போது யாராவது எழுந்து செயல்பட வேண்டும். நிரப்பாமல் விட்டு, பிள்ளை பிறந்த பிறகு உட்கார்ந்து நிரப்பும் தாளால் யாருக்கு என்ன பயன்?

கோடும் மாறிவிட்டது. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்பது பல நலமான பெண்களுக்கே மிகக் கடுமையான விதி என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. அந்த விதியைப் பிடித்துக்கொண்டு தேவையில்லாமல் டிரிப்பும் கத்தியும் வைப்பது பெருகிற்று. ஆகவே 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் கணக்கைத் திருத்தியது. ஐந்து சென்டிமீட்டர் திறந்த பிறகே வேகப் பருவம் தொடங்குகிறது. அதிலிருந்து முழுதும் திறக்கத் தலைப்பேற்றில் பொதுவாக 12 மணி நேரத்திற்கு மேலும், அடுத்த பேறுகளில் 10 மணி நேரத்திற்கு மேலும் ஆகாது. பிள்ளை வெளிவரும் கட்டம் தலைப்பேற்றில் மூன்று மணி நேரத்திற்குள், மற்றவற்றில் இரண்டு மணி நேரத்திற்குள் முடிவது வழக்கம். தொடக்கத்து மந்தப் பருவத்துக்கு மட்டும் கால வரம்பு சொல்வதில்லை. அது ஆளுக்கு ஆள் மாறும். பாட்டி "பொறுங்க" என்று சொல்வது இந்தப் பருவத்துக்குப் பொருந்தும். ஆனால் பனிக்குடம் உடைந்தாலோ, உதிரம் கண்டாலோ, பிள்ளை அசைவது குறைந்தாலோ, வலி எந்தப் பருவமானாலும் அப்போதே புறப்பட வேண்டும். வண்டிக்கு ஆள் தேடுவதை அன்றைக்கு வைத்துக்கொள்ளலாகாது. ஒன்பதாம் மாதத்திலேயே பேசி வைக்க வேண்டும். வலி தொடங்கிய நேரத்தையும் பனிக்குடம் உடைந்த நேரத்தையும் அவற்றின் அறிகுறியோடு வீட்டிலுள்ளவர் ஒருவர் எழுதிக்கொண்டு போனால், ஆஸ்பத்திரியில் தாள் அங்கிருந்தே தொடங்கும்.

திருத்திய கணக்குக்கு ஏற்ப 2020இல் புதிய தாளும் வந்தது. அதில் எச்சரிக்கைக் கோடும் செயற்கோடும் இல்லை. ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் எத்தனை மணி நேரம் வரை பார்க்கலாம் என்று தனித்தனியே எழுதியிருக்கிறது. பிள்ளையின் நெஞ்சுத் துடிப்புக்கும், தாயின் இரத்த அழுத்தத்துக்கும், கருப்பை வாயின் அளவுக்கும் கட்டங்கள் உண்டு. அவற்றுக்கெல்லாம் மேலே, தண்ணீர் குடித்தாரா, எப்படி இருக்கிறார், நடக்கிறாரா படுத்திருக்கிறாரா என்று கேட்கும் பகுதி இருக்கிறது. அதிலும் முதல் வரியில் மருத்துவச்சி குறிக்க வேண்டியது, இந்தப் பெண்ணுக்குத் துணையாகப் பக்கத்தில் ஒருவர் இருக்கிறாரா, இல்லையா என்பது.